சோடா மூட்டைகள் இளைத்த கோடை

சலவைச் சோடாவை இப்போது யாரும் வாங்குவதில்லை. நம் வயதுக்காரர்களுக்கு அது என்னவென்று விளக்கவும் வேண்டியதில்லை. துவைக்கிற தூளெல்லாம் வந்து சேர்வதற்கு முன்னால், அழுக்குத் துணி அண்டாவில் கொதிக்கும்போது அம்மாக்கள் ஒரு பிடி அள்ளிப் போட்டார்களே, கண்ணாடித் துண்டு மாதிரி, அதுதான். கற்கண்டு என்று நினைத்து எல்லோரும் ஒரு தடவையாவது நாக்கில் வைத்திருப்போம். இல்லை என்று பொய் சொல்லாதீர்கள்.

நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். உப்புகளுக்குள் இருக்கும் தண்ணீரை நிறுத்துச் சொல்வதுதான் எனக்குச் சோறு போட்டது. எந்தப் படிகத்தைக் கொடுத்தாலும் சூடுபண்ணி, ஆறவைத்து, நிறுத்து, மறுபடி சூடுபண்ணி, இதில் இத்தனை மூலக்கூறு தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்கான செய்முறையை வரி வரியாக எழுதி வைத்துப் புதிதாக வந்த பிள்ளைகளைப் படுத்தியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் எனக்கு வைத்திருந்த பெயரும் தெரியும். அந்தச் செய்முறையில் மாதிரி எடுப்பது எப்படி என்ற பகுதிதான் மிகவும் நீளம். சூடுபண்ணுவதும் நிறுப்பதும் கணக்கும் சேர்ந்தே அதில் பாதிதான் வரும். "ஏன் மேடம் இவ்வளவு?" என்று கேட்டவர்களிடம் நான் காரணம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கும் காலையில் மாத்திரை போட்டபின் வேறு வேலை இல்லை.

எங்கள் ஊர் ஆரணிக்கும் பெரியபாளையத்துக்கும் நடுவில். பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. எழுபதுகளின் தொடக்கம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். வார்த்தைகளுக்குச் சோதனைச் சாவடி கிடையாது.

நைனா நெசவாளர் சங்கத்தில் ஸ்டோர் கீப்பர். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சாயக்கொட்டகை இருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் அதைச் சோடாத் தண்ணீரில் வேகவைத்துப் பசையும் அழுக்கும் போக்க வேண்டும். அதற்காகக் குளிர்காலம் முடிவதற்குள் லாரியில் சோடா மூட்டைகள் வந்து இறங்கும். அவற்றை வைக்கும் இடம் தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு. உள்ளே போனால் கோணிச் சாக்கு, நீலச் சாயம், எலிப் புழுக்கை எல்லாம் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனையை நைனாவின் சட்டையிலிருந்து அம்மாவால் கடைசிவரை எடுக்க முடியவில்லை. அதையும் சோடா போட்டுத்தான் துவைத்தாள்.

அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. சாயக்கொட்டகையிலும் அடுப்பு எரியாது. ஊர் முழுக்கத் தூங்கும் அந்த நாளில் நைனா மட்டும் கிடங்கைத் திறந்து, மேடைத் தராசில் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி நிறுப்பார். அப்படிச் செய்யச் சொல்லி சங்கத்தில் யாரும் கேட்டதில்லை. அவர் மனதுக்கு அது ஒரு பூஜை.

அவருக்கு ஒரே ஒரு நண்பர் உண்டு, சாய மாஸ்டர். எங்கோ வெளியூரில் சாயத்தொழிலை முறையாகப் படித்துவிட்டு வந்தவர். அவர் நகங்கள் எப்போதும் நீலமாக இருக்கும். நைனா அவரை அண்ணே என்பார், நான் பெரியப்பா என்பேன். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் காராசேவுப் பொட்டலம் ஒன்று வரும். அவர் அண்டாவில் சோடா போடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒரு தகரக் குவளை வைத்திருந்தார். மார்கழியில் ஒரு அண்டாவுக்குக் குவளை நிறையப் போடுவார். சித்திரையில் பாதிதான்.

"இன்னா பெரியப்பா, பாதிதான் போடற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெயிலுக்கு நூலு தானா இளகிக்கும் பாப்பா. இது போதும்" என்றார்.

நான் நம்பினேன். அந்தக் குவளையைப் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மார்கழிச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர். சித்திரைச் சோடா காய்ந்த மாவு, அதனால் இரண்டு மடங்கு காரம். அது அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடை அது. மற்ற ஆண்டுகளில் கோடை முற்றுவதற்குள் மூட்டைகள் பெரும்பாலும் செலவாகிவிடும். அந்த ஆண்டு வெயில் முன்னதாகவே தொடங்கிவிட்டது. சோடா மூட்டைகள் முதலில் வியர்த்தன. சாக்கு ஈரமாகி, தரையில் மூட்டையின் வட்டம் படிந்தது. அப்புறம் காய்ந்தன. கண்ணாடித் துண்டுகள் வெள்ளை பூசிக்கொண்டு, தொட்டால் உதிர்ந்து, கடைசியில் மாவாகிவிட்டன. விறைப்பாக நின்ற மூட்டைகள் தோள் சரிந்து, பட்டினி கிடந்த வயிறு போல மடிந்து உட்கார்ந்தன.

ஆண்டு இருப்பைச் சரிபார்க்கக் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் வந்தார். மூட்டைகளைத் தராசில் ஏற்றச் சொன்னார். வாசலோரம் இருந்த சில மூட்டைகள் வந்தபோது இருந்த எடை அப்படியே இருந்தன. உள்ளே இருந்தவை எல்லாம் பாதிக்கு மேல் எடை குறைந்திருந்தன.

"சோடா எங்கேய்யா?" என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் விளக்கம் தரவேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பஸ் ஏறினார். ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்டோர் கீப்பர் ஆற்றங்கரையில் துணி வெளுப்பவர்களுக்குச் சோடா தள்ளுகிறார் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. மறுநாள் குழாயடியில் ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள்.

"உங்க ஊட்டுத் துணி மட்டும் எப்பிடிக்கா இவ்ளோ வெள்ளையாக் கீது? எங்களுக்கும் ஒரு மூட்டை தள்ளச் சொல்லேன் உங்க ஊட்டுக்காரர."

அம்மா குடம் நிரம்பும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வாரம் கொடியில் நைனாவின் வேட்டியைக் காயப்போட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டினாள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். காரணம், பத்தாம் வகுப்பு ரசாயனப் பாடப் புத்தகம். அதில் படிக நீர் என்று ஒரு பாடம் உண்டு. சலவைச் சோடாப் படிகத்தில் ஒரு மூலக்கூறு சோடாவோடு பத்து மூலக்கூறு தண்ணீர் சேர்ந்திருக்கிறது, உலர்ந்த காற்றில் வைத்தால் ஒன்பது பறந்துபோய் ஒன்று மிஞ்சும் என்று அச்சில் போட்டிருந்தான். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நைனாவிடம் ஓடினேன்.

"நைனா, யாரும் எடுக்கல. தண்ணிதான் போச்சு."

"இன்னா தண்ணி? மூட்டை மேல ஒரு சொட்டு மழை படல."

"மேல இல்ல நைனா, உள்ள. கல்லு மாதிரி கீதே, அதுக்குள்ளயே பத்து பங்கு தண்ணி கீது. வெயில்ல ஒன்பது போயிடும்."

அவர் கேட்டார்: "நெசமாவே அது தானாப் போவுமா? ஒருத்தரும் கை வைக்காமலே?"

"போவும். நான் நிறுத்துக் காட்டறேன். இன்ஸ்பெக்டரு கண்ணு முன்னாலயே."

அவர் முகம் மாறியது. "வாணாம்மா" என்றார். "உட்டுடு. நான் பாத்துக்கறேன்."

பெண்பிள்ளை சபையில் வந்து நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அம்மாவும் அதைத்தான் சொன்னாள்: "வயசுக்கு வந்த பொண்ணு, அத்தினி ஆம்பளைங்க நடுவுல குந்தி அடுப்பு ஊதிக்கினு இருக்கறதா?" பெரியவர்கள் ஒரு விஷயத்துக்கு வேண்டாம் என்று சொல்ல எத்தனை காரணம் இருக்கலாம் என்பது பதினைந்து வயதில் தெரியாது.

எனக்காகப் பேசியவர் சாய மாஸ்டர்தான்.

"இன்னாப்பா வாணாம்? உனக்கு மூளை குழம்பிப் போச்சா? பொண்ணு படிச்சதச் சொல்லுது. அவ நிறுத்துக் காட்டினா அந்த ஆளு வாயத் தொறக்க மாட்டான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு பாப்பா. ஸ்டோர்ல கீற சோடாவ முன்னாடியே ஊட்டுக்கு எடுத்தாந்து நிறுத்துப் பாக்காத. அப்பால ஊட்லயே ஜோடிச்சிட்டாங்கன்னு பேசுவானுங்க. மாதிரியை அன்னிக்கு, அவரு எதுர்ல, மூட்டையிலேர்ந்து எடுக்கணும். நானே எடுத்துத் தர்றேன்."

எதிர்த்தரப்பின் முன்னால் மாதிரி எடு, முன்கூட்டியே தொடாதே, தொடர்பில்லாத ஓர் ஆள் எடுக்கட்டும். இன்றுவரை அந்த அறிவுரையில் என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

தராசுக்கு ஆசாரியிடம் போனேன். எங்கள் தெருவில் நகை செய்கிறவர் அவர். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, பித்தளையில் குட்டிக் குட்டி எடைக்கற்கள், கரி அடுப்பு, ஊதுகுழல், தங்கம் உருக்குகிற மூசை என்கிற சின்ன மண்கிண்ணம். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய எல்லாமே அவர் கூடத்தில் இருந்தன. மனசு மட்டும் இல்லை.

"இது தங்கம் நிறுக்கற தராசும்மா. சோடா நிறுக்கறதா? நாளைக்கு எவனாவது தாலிக்குக் குண்டு வாங்க வந்தா தட்டுல அழுக்குத் துணி வாசனை வரும்."

"கழுவித் தர்றேன் மாமா."

"கழுவித் தருவியாம். தராசக் கழுவற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

ஆனாலும் கொடுத்தார். நைனா மேல் அவருக்கு மரியாதை இருந்தது. தவிர, வேடிக்கை பார்க்கவும் ஆசை இருந்தது.

முதல் வேலை புதுப் படிகம் தயாரிப்பது. கோடையில் கடையிலும் மாவுதான் கிடைத்தது. அதை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி, குடிதண்ணீர்ப் பானைக்குள் மிதக்கவிட்டேன். அம்மா திட்டினாள். மறுநாள் காலையில் கிண்ணத்தின் அடியில் நீளநீளமாகக் கண்ணாடி முளைத்திருந்தது. நான் அதுவரை கையால் செய்த பொருள்களில் அவ்வளவு அழகானது எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் அதிகம் இல்லை. மையொற்றும் தாளில் புரட்டி ஈரம் எடுத்து, அது வெள்ளை பூத்துப்போவதற்குள் நிறுத்தேன். கணக்கு சுலபமாக வரட்டும் என்று இரண்டு புள்ளி எட்டு ஆறு கிராம்.

மூசையைக் கரி நெருப்பில் வைத்தால் படிகம் முதலில் உருகும். தன் தண்ணீரில் தானே கரைந்து நிற்கும். அவசரப்பட்டு ஊதினால் பொங்கித் தெறிக்கும், கணக்கு போயிற்று. மெதுவாக, மெதுவாக. தண்ணீர் வற்றி வெள்ளையாக இறுகியபின் நன்றாக ஊதலாம். ஆறவைக்கும்போது காற்றில் இருக்கிற ஈரத்தை அது திரும்ப இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு நெய்ச் சம்படத்தில், பழவேற்காட்டிலிருந்து கருவாட்டோடு வரும், ஈரத்தைக் குடிக்கிற நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டு, அதற்குள் மூசையை வைத்து மூடினேன். ஆறியதும் நிறுப்பது. மறுபடி சூடுபண்ணி மறுபடி நிறுப்பது. அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வரும் வரை விடக்கூடாது.

மிஞ்சியது ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு. காணாமல் போனது ஒன்று புள்ளி ஏழு ஒன்பது. காணாமல் போனது தண்ணீர், அதைப் பதினெட்டால் வகுக்க வேண்டும். மிஞ்சியது சோடா, அதை நூற்றியாறால் வகுக்க வேண்டும். முதல் விடையில் இரண்டாவது எத்தனை முறை போகிறது என்று பார்த்தால் முடிந்தது. பத்துக்கு ஒரு நூலிழை குறைவாக வந்தது.

"பத்து மாமா! பத்து!"

"பத்து இன்னா? பவுனா?" என்றார் ஆசாரி.

ஒரு வாரக் கெடு முடிந்து இன்ஸ்பெக்டர் திரும்பி வந்த அன்றைக்குச் சங்கத்துக் கூடத்தில் நல்ல கூட்டம். இன்ஸ்பெக்டர், சங்கத் தலைவர், நெசவாளர்கள், சுவரோரமாக நூல் சுற்றும் பெண்கள். அம்மா வாசற்படியோடு நின்றுவிட்டாள். நான் ஆசாரியின் அடுப்பையும் தராசையும் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். "சொல்லும்மா" என்றார். நான் பாடப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். புதுப் படிகத்தை அவர் முன்னால் மறுபடி செய்து காட்டினேன். அப்போதும் பத்தை ஒட்டியே வந்தது. பின்வரிசையில் ஒருவர் கைகூடத் தட்டினார்.

"இப்போது ஸ்டோரில் இருக்கிற சோடா. அதில் ஒரு மூலக்கூறு தண்ணீர்தான் இருக்கும் என்கிறாய். அப்படி வந்தால் உன் அப்பா எடுக்கவில்லை, வெயில்தான் எடுத்தது. சரியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சரி சார்."

எல்லோரும் எழுந்து பக்கத்தில் இருந்த கிடங்குக்குப் போனோம். சாய மாஸ்டர் முன்னால் நடந்தார். உள்ளே இளைத்த மூட்டைகள் வரிசையாக இருந்தன. அவர் அவற்றின் பக்கம் போகவில்லை. வாசலோரம் இருந்த ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டார்.

"அண்ணே" என்றார் நைனா. "அது வாணாம். உள்ள கீறதுல எடு."

"ஏன்பா? எல்லாம் ஒரே சோடாதானே?"

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதிலேயே எடுங்கள்" என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். நான் அவருக்குத் தைரியம் சொல்லிச் சிரித்தேன்.

கூடத்துக்குத் திரும்பி, இரண்டு கிராம் நிறுத்து, மூசையில் போட்டு, ஓட்டுச் சில்லால் மூடி ஊதினேன். இந்தச் சோடா பொங்காது, தண்ணீர் குறைவு. அதனால் தாராளமாக ஊதினேன். மூசை சிவக்கத் தொடங்கியது.

அப்போது அது வெடித்தது. பெரிய சத்தம் இல்லை. படபட, படபட என்று உள்ளே ஏதோ பொரிந்தது. ஓட்டுச் சில்லு குதித்தது. நான் ஊதுவதை நிறுத்தினேன். சுவரோரம் இருந்த பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சாதாரணமாகச் சொன்னாள்:

"இன்னாடி இது, திஷ்டி கழிக்கற சத்தமாட்டம் கீது?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் வாரம் ஒருமுறை குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நெருப்பில் கல்லுப்பு எப்படிப் பேசும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சோடா நெருப்பில் உருகும், பொங்கும், இறுகும். வெடிக்காது.

இன்ஸ்பெக்டர் மட்டும்தான் கேட்டார்: "என்ன சத்தம்?"

"உப்பு சார்" என்றார் சாய மாஸ்டர், மிகவும் வருத்தமாக. "சாப்பாட்டு உப்பு. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன்."

நைனா எழுந்து நின்றார். "நீதானே அண்ணே போடச் சொன்ன?"

"நானா? நான் இன்னாத்துக்குப்பா சொல்றேன்? சாயத்தொழில் படிச்சவன், சோடாவுல உப்புக் கலக்கச் சொல்வனா?"

அதைவிட நியாயமான கேள்வி அன்று கூடத்தில் கேட்கப்படவில்லை.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. செய்முறையை முடித்தேன். ஆறவைத்தேன், நிறுத்தேன், மறுபடி சூடுபண்ணினேன், மறுபடி நிறுத்தேன். கணக்குப் போட்டேன். ஒன்று வரவில்லை. அரை வந்தது. சோடாவில் அரை மூலக்கூறு தண்ணீர் என்று ஒன்று கிடையாது. ஒரு கரண்டி குறைந்தால் அம்மா "எங்கேயாவது இருக்கும்" என்பாளே, அந்த மாதிரி நான் மூசைக்குள் அந்த இன்னொரு அரையைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குப் புரிந்தது: மூசையில் பாதி உப்பு, உப்பில் சோடா மாதிரிப் படிக நீர் கிடையாது.

"சார், வேற மூட்டையில எடுங்க சார். உள்ள கீற மூட்டையில. ஒண்ணு வரும் சார். கண்டிப்பா வரும்."

"போதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், அன்பாக. "நீ ரொம்ப நன்றாகச் செய்தாய்."

நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்ததும் நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாசி அமாவாசையில் எடை குறையத் தொடங்கியதும் அவர் பயந்துபோய் சாய மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். கூட்டுறவில் எடை குறைந்தால் திருட்டு என்று பொருள், வேறு அகராதி கிடையாது. மாஸ்டர், "காத்தாட கீதில்ல, எலி கிலி தின்னிருக்கும். இன்ஸ்பெக்டரு வர்றதுக்குள்ள கல்லுப்பு நொறுக்கி ஈடு கட்டிடு. சாயத்துக்கு உப்பு ஒண்ணும் பண்ணாது" என்றிருக்கிறார். நைனா சொந்தச் செலவில் உப்பு வாங்கி வாசலோரம் இருந்த சில மூட்டைகளில் கலந்தார். அதற்குமேல் கை வரவில்லை. மீதி மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டார். எந்தெந்த மூட்டை என்பதையும் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். நண்பர் ஆயிற்றே.

அவர் எதையும் கலக்காமல் சும்மா இருந்திருந்தால் பாடப் புத்தகம் ஒன்றே அவரைக் காப்பாற்றியிருக்கும். திருடாத மனிதர், திருடன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, ஒரு திருட்டுத்தனம் செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் புத்தகத்தோடு போன அன்றைக்கே, "அந்த மூட்டைகளை மட்டும் தொடாதே" என்று சொல்லியிருக்கலாம். மகள் முன்னால் கௌரவம் போய்விடும் என்று நினைத்தார். அதனால் ஊர் முன்னால் போயிற்று, அதுவும் மகள் கையால். மாஸ்டர் செய்ததை ஒரு மனிதனின் குணம் என்று எழுதிக் கணக்கை மூடிவிடலாம். நைனா செய்ததை இத்தனை வருஷமாக எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை போயிற்று. உப்புக் கலந்தவன் சோடாவை எடுத்திருக்கவும் மாட்டானா என்பதுதான் தீர்ப்பு. அடுத்த அமாவாசைக்குள் நைனாவின் நாற்காலியில் சாய மாஸ்டரின் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். நைனா பெரியபாளையத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் தேங்காயும் வேப்பிலைக் கட்டும் விற்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளில் போய்வருவார். தராசு இல்லாத வியாபாரமாகப் பார்த்துச் சேர்ந்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். கேலியா துக்கமா என்று தெரியாத குரல் அவளுக்கு.

மறு கோடை வந்தது. வெயிலுக்கு ஸ்டோர் கீப்பர் யார் என்பதில் அக்கறை கிடையாது. மாப்பிள்ளையின் மூட்டைகளும் வியர்த்தன, பூத்தன, இளைத்தன. ஒருநாள் மாலை சாய மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் காராசேவுப் பொட்டலம்.

"போனது போச்சு பாப்பா, மனசுல வெச்சுக்காத. மாப்பிள்ளை பேஜார்ல மாட்டிக்கினாரு. இன்ஸ்பெக்டரு வர்றாராம். நீதான் பத்துன்னு நிறுத்துக் காட்டினியே, ஊரே பாத்துச்சே. அதையே இன்னொரு தபா செஞ்சு குடு."

"இந்தத் தடவை இன்னா கலந்துகீறீங்க பெரியப்பா?" என்றேன்.

"சேச்சே" என்றார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "சுத்தமாக் கீது. யாரையும் கை வைக்க உடல."

நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே இருந்த நைனா எழுந்து வந்தார்.

"செய்யும்மா" என்றார்.

மாஸ்டர் போனபின் அவரிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஆளுக்காவச் சொல்லல. சோடா தானாக் காயும்னு ஆபீசரு ஒரு தபா ஒத்துக்கினாருன்னா, போன வருசத்து மூட்டைக்கும் அதே கணக்குதானே? உப்புப் போட்டது தப்புதான், அது இருக்கட்டும். திருடலன்னு ஆயிடும்ல?"

அதற்காகச் செய்தேன். இந்த முறை யாரையும் கை விட விடவில்லை. எல்லா மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று நானே எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து மறுபடி கலந்து, அதிலிருந்து நிறுத்தேன். இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போய்விட்டது. ஆசாரி கொட்டாவி விட்டார். புதுப் படிகத்தில் பத்து. ஸ்டோர் சோடாவில் ஒன்று. சரியாக ஒன்று. எதுவும் வெடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து மாப்பிள்ளையிடம் கை குலுக்கினார். பிறகு என்னிடம், "சென்ற வருடமே நீ இதைத்தான் சொன்னாய், இல்லையா?" என்றார். நினைவு இருந்திருக்கிறது.

சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. அன்றைக்கு நைனா தேங்காய்க்கடைக்குப் போகவில்லை. காலையிலேயே சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருந்தார். கூப்பிட்டு அனுப்பினால் உடனே போகத் தோதாகச் செருப்பைக்கூட வாசலைப் பார்த்துத் திருப்பி விட்டிருந்தார். மதியம் ஆனது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், அப்புறம் என்றார். சாயங்காலம் சாய மாஸ்டர்தான் வந்தார். நல்ல சேதி சொல்கிற முகம்.

"பாஸாயிடுச்சிப்பா! கோடையில மூட்டைக்கு இவ்ளோ எடை தானாக் குறையும், அதுக்கு ஸ்டோர் கீப்பரு பொறுப்பில்லன்னு தீர்மானம் போட்டுட்டாங்க. எல்லாம் உன் பொண்ணாலதான்."

"என் விசயம் இன்னா ஆச்சு அண்ணே?" என்றார் நைனா.

"அது வந்துப்பா... 'இவ்வாண்டு முதல்'னு எழுதிட்டாங்க. முன் தேதி போட்டா ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்களாம்."

நைனா தலையை ஆட்டினார். "சரி அண்ணே, காபி சாப்டுட்டுப் போ" என்றார். பிறகு உள்ளே போய் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தார்.

சங்கத்தின் தீர்மானம் இன்றும் செல்லும் என்றே நினைக்கிறேன், யாரும் அதை ரத்து செய்ததாகத் தெரியவில்லை. அதன்படி எங்கள் ஊரில் சலவைச் சோடா அந்த ஆண்டிலிருந்துதான் காயத் தொடங்கியது. அதற்கு முந்தைய கோடையில் அதை யாரோ எடுத்துவிட்டார்கள்.